நாளை உனக்கு நாலாவது நாள்

என் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா, சாப்பிட்டாயா என்று வரிசையாக விசாரித்து ஆரம்பிக்க இன்று நேரமில்லை. அடுத்த பத்தியை வாசலில் நின்றபடியே படி. உட்கார்ந்து படிப்பதெல்லாம் பிறகு.

நான் அனுப்பிய பொட்டல மருந்தை நீ இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதே. கூட்டியும் சாப்பிடாதே. அதைக் கையில் எடுத்துக்கொண்டு இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. ஞாயிற்றுக்கிழமை என்மேல் இருந்த கோபத்தில் குப்பையில் வீசியிருந்தால் இன்னும் சீக்கிரம் போ. தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா, எழுந்தால் கண் இருட்டுகிறதா என்று சோதித்துக்கொண்டு நிற்காதே. ‘ஆறு மாசமா ஸ்டீராய்டு சாப்பிட்டேன், திடீர்னு நிறுத்திட்டேன்’ என்று டாக்டரிடம் சொல். அந்தப் பேர் வாயில் நுழையவில்லை என்றால் இந்தத் தாளைக் காட்டு. நர்சம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லித்தான் நானே அதை எழுதினேன்.

கடிதத்தோடு நிற்பது உன் மாமாதான். உன் பக்கம் போகிற லோடு வேறொரு டிரைவருக்குப் போனதை, முதலாளியிடம் சண்டை போட்டுத் தன் லாரிக்கு மாற்றி வாங்கியிருக்கிறார். அவர் சண்டை போட்டார் என்றால் நிலைமை உனக்கே புரிய வேண்டும். ‘வா’, ‘சரி’, ‘ஏறு’ என்ற மூன்று வார்த்தையில் இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவர். அவரை நம்பி சேதி சொல்லி அனுப்ப முடியாது என்றுதான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ என் எண்ணையும் அவர் எண்ணையும் அடைத்து வைத்திருக்கிறாய். நர்சம்மா போனிலிருந்து அடித்தேன், தெரியாத எண் என்று எடுக்கவில்லை. உன் கடை எண்ணும் என்னிடம் இல்லை.

நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறேன். பயப்படாதே, இப்போது பரவாயில்லை. பேனா பிடிக்க விரல் மடங்காததால், காயத்துக்குக் கட்டுகிற துணியைப் பேனாவைச் சுற்றித் தடியாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளரிக்காயால் எழுதுவது போல இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் வெள்ளரிக்காயைத் திட்டு. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியதற்கு என்னைத் திட்டு.

நடந்ததைச் சொல்கிறேன். நேற்று செவ்வாய்க்கிழமை சலவைக்கூடத்தில் நானும் எதிர்ப்பக்கக்காரியும் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம். ஹோட்டல் விரிப்பு ஒருத்தியால் மடிக்கிற அளவா? ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். நடந்து போனேன். அவள் கையில் முனையைக் கொடுப்பதற்குள் தரை மேலே எழும்பி வந்தது. துணிக் குவியலில் விழுந்தேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் பேரில் தப்பில்லை. மேற்பார்வைக்காரர் வரும்போதெல்லாம் பொத்தென்று விழுந்து, ‘வேலை கொன்னுடுச்சு, வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்க’ என்று நடிப்பவள் நான். எதிர்ப்பக்கக்காரி என் தலையோடு ஒரு விரிப்பைப் போர்த்திவிட்டு, ‘ரேடியோ நின்னுடுச்சு, பாட்டரி மாத்துங்கடி’ என்றாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. அவளுக்குப் பதில் சொல்ல ஒரு நல்ல வார்த்தை கூட மனதில் வந்துவிட்டது. வாய்தான் வரவில்லை. வெள்ளை விரிப்புக்கு அடியில் கிடந்து, என்னைச் சுற்றி எல்லாரும் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கையை அசைத்துக் காட்டலாம் என்றால் கை என்னுடையது போலவே இல்லை. கடைசியில் வாந்தி விரிப்பில் ஊறி வெளியே தெரிந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

இங்கே பார்த்தது ஒரு பொம்பளை டாக்டர். சின்ன வயசு. என்ன மருந்து சாப்பிடுறீங்க என்று கேட்டாள். மருந்தெல்லாம் ஒன்றுமில்லை, கைவலிக்கு மூலிகைப் பொடி மட்டும்தான் என்றேன். காலிப் பொட்டலம் ஒன்று இடுப்புப் பையில் இருந்தது. அதைப் பெருமையாக எடுத்து நீட்டி, ‘உங்க வீட்ல யாருக்காவது கைவலி இருந்தா சொல்லுங்க, நான் வாங்கித் தரேன்’ என்றேன். அவள் சிரிக்கவில்லை. பொட்டலத்தை முகர்ந்து பார்த்தாள், உள்ளே ஒட்டியிருந்த தூளை விரலால் தேய்த்துப் பார்த்தாள், ‘இந்த மாசத்துல இது எட்டாவதும்மா’ என்றாள்.

இலைப்பொடியோடு ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலக்கிறார்களாம். சலவைக்கூடத்து வாசலில் பொடி விற்பவர் ‘கைராசிக்காரர்’ என்று பேர் வாங்கினது அந்த மாத்திரையின் ராசியால்தான். முதல் பொட்டலம் சாப்பிட்ட மறுநாள் காலையில் நான் ஒரே கையால் வாளி தூக்கினேன் என்று உனக்குப் போன் போட்டுக் கத்தினேனே, அது மூலிகை இல்லை. அந்த மருந்தே விஷம் என்று டாக்டர் சொல்லவில்லை. தெரிந்தவர் அளந்து கொடுத்தால் நல்லதாம். யார் அளந்தார்கள்? நான் ஒரு நாள் ஒன்று, வலி அதிகமான நாளில் இரண்டு என்று என் இஷ்டத்துக்கு விழுங்கினேன். அதையே உனக்கும் சொன்னேன்.

நம் உடம்பே தினமும் அந்தச் சத்தைக் கொஞ்சம் சுரக்கிறதாம். வெளியிலிருந்து மாசக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன் வேலையை மறந்துவிடும். நான் புரிந்துகொண்டது இதுதான்: வீட்டில் சமைக்கிற ஆளை அனுப்பிவிட்டுக் கடையில் வாங்கிச் சாப்பிட்டோம், ஒருநாள் கடையையும் சாத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை எனக்கு மருந்து தீர்ந்தது. கைராசிக்காரர் ஊரில் இல்லை. நாலாவது நாள் நான் விழுந்தேன்.

ஏன் தீர்ந்தது என்று கேட்பாய். வெள்ளிக்கிழமைக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சம் இருந்த இருபது பொட்டலத்தையும் வியாழக்கிழமையே உனக்கு அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை அவர் வந்துவிடுவார் என்று நினைத்தேன். பெரிய தியாகம் என்று எடுத்துக்கொள்ளாதே. உன் கை நின்றால் முடி வெட்டுகிற உன் கத்தரிக்கோல் நின்றுவிடும், எனக்கு என்ன, விரிப்பின் இன்னொரு முனையை யாராவது பிடிப்பார்கள் என்று ஒரு கணக்கு.

அதற்குப் பிறகு டாக்டர், வேறு யாரெல்லாம் இதைச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டாள். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். விரல் மடங்கவில்லை. சலவைக்கூடத்தில் மட்டும் பதினொரு பேர், தங்கச்சி. பதினொரு பேருக்கும் நான்தான் விளம்பரம். நல்லவேளை, மற்றவர்களின் வீட்டில் மிச்சப் பொட்டலம் இருந்ததால் யாரும் நிறுத்தவில்லை. இன்று காலை ஒன்பது பேர் வந்து கீழே வரிசையில் நிற்கிறார்கள். எதிர்ப்பக்கக்காரி என்னைப் பார்த்து அழுதாள். போர்த்தினது நல்லதுக்குத்தான், குளிரவில்லை என்றேன். அதற்கும் அழுதாள்.

பன்னிரண்டாவது ஆளாக உன்னைச் சொன்னேன். உன் கை எப்படி வலிக்கும் என்று டாக்டர் கேட்டாள். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போகும், தூக்கத்தில் எழுந்து கையை உதறினால் சரியாகும், சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை, வலது கையில்தான் அதிகம் என்று நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். வீக்கம் உண்டா, காலையில் விரல் விறைத்து ஒரு மணி நேரம் மடங்காமல் இருக்குமா என்று கேட்டாள். இல்லை, அது எனக்குத்தான் என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதுகிறேன். உனக்கும் எனக்கும் ஒரே நோய் இல்லையாம். எனக்கு இரண்டு கையிலும் விரல் மூட்டுகள், மணிக்கட்டு எல்லாம் ஒரே மாதிரி வீங்கும். அது உடம்பின் காவல்காரனே தன் வீட்டு மூட்டுகளைக் கடிக்கிற வியாதி. இரத்தப் பரிசோதனை வந்த பிறகு உறுதியாகச் சொல்வார்கள். உனக்கு, பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னாள், ஆனால் நான் சொன்னதைக் கேட்டால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது போல இருக்கிறதாம். பத்து மணி நேரம் கத்தரிக்கோலும் முடி உலர்த்துகிற மெஷினும் பிடித்தால் வருமாம். தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் ஒரு பட்டை கட்டி, வேலையை மாற்றி மாற்றிச் செய்தாலே நிறையப் பேருக்குக் குறையுமாம். அதுவும் போதாது என்றால்தான் ஊசியோ சின்ன ஆபரேஷனோ.

ஒரு பட்டை. அவ்வளவுதான் உனக்கு வேண்டியிருந்திருக்கும். ‘ஒரே வயித்துல பொறந்தவங்களுக்கு ஒரே வலிதாண்டி, நான் சாப்பிடறதையே சாப்பிடு’ என்று உனக்கு வைத்தியம் பார்த்தது நான்.

அந்தப் புகைப்படத்தையும் டாக்டரிடம் காட்டினேன். கடைப் பலகையில் போடுவதற்கு என்று நீ எடுத்து அனுப்பினாயே, அதுதான். அவள் இரண்டு விரலால் உன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கன்னம் இப்படி உருண்டது, கழுத்துக்குப் பின்னால் சதை வைத்தது எல்லாம் அந்த மருந்தின் அடையாளமாம். எத்தனை மாசமா இப்படி என்று கேட்டாள். அந்தப் படத்தைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை போனில் நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். ‘பலகையில முகத்தைப் போட்டா கடைப் பேர் எழுத எடம் இருக்காதுடி’ என்றேன். போனைச் சத்தமாக வைத்திருந்தேன், சலவைக்கூடமே சிரித்தது. ‘அங்க எத்தனை பேர் சிரிக்கறாங்க’ என்று மட்டும் கேட்டாய். பிறகு, உன் மருந்தும் வேண்டாம், உன் பேச்சும் வேண்டாம் என்று வைத்துவிட்டாய்.

நீ சொன்னால் செய்கிறவள். அதுதான் எனக்குப் பயம். ஞாயிறு நிறுத்தியிருந்தால் நாளை உனக்கு நாலாவது நாள். நீ கடைக்கு மேலே தனியாக இருக்கிறாய். உனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. நான் விழுந்தபோது சிரிக்கவாவது பதினொரு பேர் இருந்தார்கள்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்களாம். மூட்டுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிடுகிற மாத்திரை தரப்போகிறார்கள், தினமும் விழுங்கிவிட்டால் ஆபத்து என்று மூன்று தடவை சொன்னாள். என் லட்சணம் தெரிந்துவிட்டது போல. மாமா அதை நாட்காட்டியில் குறித்துக்கொண்டார். அடிக்கடி இரத்தம் பார்க்க வேண்டும். வெந்நீரில் கை வைத்து விரலை விரித்து மூடிப் பழக வேண்டும். கோணிப்போன விரலை நேராக்க முடியாதாம், இனிமேல் கோணாமல் பார்த்துக்கொள்ளலாமாம். விரிப்பு உதறுகிற வேலை இனி இல்லை, எண்ணி அடுக்குகிற பக்கம் மாற்றித் தரச் சொல்லி டாக்டரே சீட்டு எழுதுகிறாள்.

மாமா கையில் சாவியை வைத்துக்கொண்டு நிற்கிறார். எழுந்து வர முடிந்தால் நானே வந்திருப்பேன். உன்னை ஆஸ்பத்திரியில் இறக்கி, டாக்டர் உன்னைப் பார்த்து முடிக்கும்வரை லாரி நகராது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவரோடு வாதாடாதே, அவரிடம் மூன்று வார்த்தைதான் இருக்கிறது, பாவம், மூன்றும் தீர்ந்துவிட்டால் அழுதுவிடுவார். இதைப் படிக்கும்போதே ஒரு கையால் செருப்பை மாட்டு.

என்மேல் உள்ள கோபத்தைக் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அதை அப்படியே வைத்துக்கொள். என் எண்ணையும் திறக்க வேண்டாம். என் முகத்தில் விழிக்காமல், என் பேச்சை எடுக்காமல், நூறு வயது வரைக்கும் நீ நல்லபடியாக இரு, தங்கச்சி. இருந்தால் போதும்.

உன்னைத் தூக்கி வளர்த்த கையால்,
அக்கா