திருப்பி அனுப்பிய இரண்டு மெஷின்கள்

அன்பு மகள் குண்டூசிக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பது இத்தோடு முடிந்தது, இனி கடிதம் முழுக்கச் சண்டைதான், உட்கார்ந்து படி. போனில் என்றால் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ மூன்றாவதைப் பிடுங்கிக்கொண்டு பத்து நிமிடம் பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நீ அனுப்பிய பிரிண்டரையும் ஸ்டிக்கர் வெட்டுகிற மெஷினையும் நான் திருப்பி அனுப்பியதும் நீ அப்பாவுக்குப் போன் போட்டு, அம்மாவுக்கு என்ன ஆச்சு, யாராவது ஏதாவது சொன்னாங்களா, உடம்பு சரியில்லையா என்று கேட்டாயாம். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, கோபம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். என்னிடமே கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன்.

வீட்டிலேயே ஸ்டிக்கர் அடிக்கலாம் என்றிருக்கிறேன், எந்த மெஷின் சரிப்படும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று உன்னிடம் சொன்னேன். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் அர்த்தம், வாங்கிக் கொடு என்று அர்த்தமில்லை. நீ அன்றைக்கே அப்பாவைக் கூப்பிட்டு அம்மாவுக்கு எந்த மாதிரி வேணும்ப்பா என்று கேட்க, தன் பனியன் எந்தத் தட்டில் இருக்கிறது என்று இன்றுவரை தெரியாத அந்த மனுஷன், அவளுக்கு டைம்பாஸ்தானே, நல்லதா ஒண்ணு பார்த்து அனுப்பு என்று சொன்னார். நீயும் ஐந்து நட்சத்திரம் வாங்கியதாகப் பார்த்து அனுப்பிவிட்டாய். வெட்டுகிற மெஷின் வந்த பெட்டி நம் வாசலில் நுழையவில்லை, கொண்டுவந்த இரண்டு பேரும் கதவைக் கழற்றித்தான் உள்ளே ஏற்றினார்கள். சாப்பாட்டு மேஜை பால்கனிக்குப் போனது, நாங்கள் பத்து நாள் கட்டிலில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். கடைக்குப் பெயர்ப்பலகை செய்கிறவர்கள் வைத்துக்கொள்ள வேண்டிய மெஷின் அது. நான் வெட்டுவது கட்டைவிரல் நகம் அளவு ஸ்டிக்கர்.

யாருக்காக வெட்டுகிறேன் என்று ஒரு தடவையாவது கேட்டாயா. பூவும் பூனைக்குட்டியும் அடித்துப் பிள்ளைகளின் நோட்டில் ஒட்டப் போகிறேன் என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் நர்ஸம்மா வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறாள், அவள் பார்க்கிற முப்பது வீட்டு மாத்திரைப் பெட்டிகளுக்குத்தான் இந்த ஸ்டிக்கர். எழுத்துத் தெரியாத கண்ணுக்கும் தெரிகிற மாதிரி காலைக்கு மஞ்சள் சூரியன், மதியத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு, ராத்திரிக்கு நீல நிலா. இது எப்படி ஆரம்பித்தது என்று உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், டைம்பாஸ் என்று அவர் சொன்ன அன்றைக்கே அந்தச் சத்தியம் காலாவதி ஆகிவிட்டது, சொல்கிறேன் கேள். மூன்று மாதம் முன்னால் ராத்திரி போட வேண்டிய மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு முடிவெட்டப் போனார். சலூன்காரத் தம்பி எனக்குப் போன் பண்ணி, அக்கா, வெட்டி முடிச்சு அரை மணி நேரமாச்சு, எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்கறாரு, எனக்குப் பயமா இருக்கு என்றான். நான் போட்டது போட்டபடி ஓடினேன், போகிற வழியில் என்னென்ன நினைத்தேன் என்று எழுதமாட்டேன். டாக்டர் பார்த்துவிட்டு ஆபத்தில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. எழுத்துச் சின்னதாக இருந்தது, கண்ணாடியைத் தேடச் சோம்பலாக இருந்தது என்று பிறகு ஒப்புக்கொண்டார். அன்றைக்கு நான் பெட்டியில் கையால் வரைந்து ஒட்டிய சூரியனையும் நிலாவையும் பார்த்துத்தான் நர்ஸம்மா, எனக்கும் இது மாதிரி செய்து தாருங்கள் என்று கேட்டாள்.

நீ அனுப்பிய பிரிண்டரில் முதல் தாளை அடித்தபோது, உண்மையைச் சொல்கிறேன், கண்ணைப் பறித்தது. ஆனால் அது போட்டோவுக்கான மை. நர்ஸம்மா ஒவ்வொரு நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் கையில் சானிடைசர் போடுகிறவள், அந்த ஈரக் கையோடு தொட்ட உடனே நிலா அவள் கட்டைவிரலுக்கு ஏறிவிட்டது. விரலைக் கொண்டுவந்து காட்டினாள், ஊதா மை வைத்து ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவள் மாதிரி இருந்தது. மேலே லேமினேஷன் ஒட்டிப் பார்த்தேன், அப்போதும் ஓரத்தில் ஈரம் இறங்கிச் சூரியனும் நிலாவும் ஒரே அழுக்கு நிறமாகிவிட்டன. யாரும் அதை நம்பி மாத்திரை போடுவதற்குள் அவள் பார்த்தது நல்லதாகப் போயிற்று. வெட்டுகிற மெஷின் கதை இன்னும் மோசம். உன் பெயரில் வாங்கியதால் அதை ஓட்டுகிற ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் ஓடிபி உன் போனுக்குத்தான் வரும், இங்கே எனக்குக் காலை பத்து மணி என்றால் அந்த நாட்டில் உனக்கு நடுத்தூக்கம். நீ எழுந்து, பல் தேய்த்து, ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் எனக்கு அந்த ஆறு எண்ணைச் சொல்லும்வரை என் வீட்டுக் கூடத்தில் நிற்கிற மெஷினை நானே தொட முடியாது. ஒரு நாள் நீ மீட்டிங்கில் இருக்கிறாய் என்று நான் ராத்திரிவரை அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸம்மா ஸ்டிக்கருக்காக இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அதனால்தான் திருப்பி அனுப்பினேன். பிறகு மெஷின் கடைக்கு நானே போனேன், தூக்குவதற்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு. கடைக்காரர் என் முகத்தையே பார்க்கவில்லை, சார், மேடம் வீட்டுல வெச்சுப் பண்றதுக்கு இதுவே ஜாஸ்தி என்று அப்பாவிடம் ஒரு பொம்மை மாதிரியானதைக் காட்டினார். நான் பையிலிருந்து சானிடைசர் பாட்டிலையும் என் படம் இருந்த பென்டிரைவையும் எடுத்து மேஜையில் வைத்து, இங்கே இருக்கிற மூன்று பிரிண்டரிலும் இதையே அடித்துக் கொடுங்கள் என்றேன். அடித்த தாளைக் காயவைத்து, மறுநாள் போய் ஈர விரலால் தேய்த்தேன். இரண்டு அழிந்தன, பார்க்க மங்கலாக இருந்த மூன்றாவது அசையவில்லை, அதுதான் வேண்டும் என்றேன். வெட்டுகிற மெஷினையும் விடவில்லை. தாளின் மூலைகளில் அடித்திருக்கிற கறுப்புக் குறிகளைப் பார்த்துத்தான் எங்கே வெட்டுவது என்று அது தெரிந்துகொள்ளும், முதல் தாளை எல்லா மெஷினும் ஒழுங்காகத்தான் வெட்டும், பத்தாவது தாளில்தான் அதன் யோக்கியதை தெரியும். ஒன்று பத்தாவது தாளில் சூரியனின் பாதிக் கதிரைச் சீவிவிட்டது, இன்னொன்று ஸ்டிக்கரோடு அதன் அடியில் இருக்கிற தாளையும் சேர்த்து அறுத்தது, நர்ஸம்மா கையுறை போட்ட கையால் அதை உரிக்கவே முடியாது. கடைசியாகப் பார்த்தது பத்தாவது தாளையும் ஒழுங்காக வெட்டியது, சின்னது, மேஜையில் ஓர் ஓரத்தில் அடங்கிவிடும், இன்டர்நெட்டும் கேட்காது, யாருடைய ஓடிபியும் கேட்காது, அதையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கடைக்காரர் அப்போதும் அப்பாவைப் பார்த்து, சார் நீங்க என்ன சொல்றீங்க என்றார். அப்பா, என்னை எதுக்குக் கேக்கறீங்க, தொழில் அவங்களோடது என்றார். நாற்பது வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து வந்த உருப்படியான பேச்சு அது. முப்பது வீட்டுக்கும் ஸ்டிக்கர் போயாயிற்று, நர்ஸம்மா இன்னும் இருபது வீட்டுக்குக் கேட்டிருக்கிறாள்.

அவரே திருந்திவிட்டார், இனி நீதான் பாக்கி. நீ பாசத்தில்தான் செய்தாய், எனக்குத் தெரியாமல் இல்லை, அதனால்தான் இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் போன மாதம் நீ எனக்குப் போன் செய்து விசும்பி விசும்பி அழுதாய், ஞாபகம் இருக்கிறதா. ஆறு மாதம் நீ ராப்பகலாக உழைத்துச் செய்த வேலையைப் பற்றி உன் மேலதிகாரி உன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் கேட்டார், அவனும் தெரிந்த மாதிரி பதில் சொன்னான், நான் அங்கேயேதாம்மா உட்கார்ந்திருந்தேன், என்னை யாரும் பார்க்கக்கூட இல்லை என்றாய். அன்றைக்கு எனக்குக் கொதித்த கொதிப்பில் அந்த மேலதிகாரி கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. நீ அப்பாவைக் கூப்பிட்டு அம்மாவுக்கு எது வேணும் என்று கேட்டபோது நானும் அங்கேயேதான் இருந்தேன், அவருக்குப் பக்கத்து நாற்காலியில், ஒரு சூரியனைக் கத்திரிக்கோலால் வெட்டிக்கொண்டு.

நீ தீர்க்காயுசாக, தலை நிமிர்ந்து, யாருக்கும் குறைந்தவளில்லை என்று நன்றாக இரு. அந்தப் பல் வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. கடிதம் கிடைத்ததும் போன் செய், அப்பா எடுத்தால் என்னிடம் கொடுக்கச் சொல்.

கோபம் இன்னும் முழுசாகத் தீராத,
உன் அம்மா