மாவு பிடித்த கை

என் குண்டா,

உன்னைப் புதைத்த பிறகு, காய்கறி வைத்துப் பொப்பியா சுருட்டும் மெல்லிய மாவுத் தோலை நம் கடையில் நான்தான் சுடுகிறேன். இன்று சிங்மிங், முன்னோரை வணங்கும் நாள். கல்லறைக்குப் போய்வந்த கூட்டம் வரிசையில் நின்றபோது, என் பிறந்த ஊர் சியாமெனிலிருந்து அண்ணன் என்னை அங்கேயே கூட்டிப்போக வந்தான்.

"கெளம்புடி, பஸ் போயிடும்."

சூடான கல்லில் ஒற்றி எடுக்கும் தளர்ந்த மாவு உருண்டையைக் கையில் குலுக்கிக்கொண்டே இருக்காவிட்டால் ஒழுகிவிடும். குலுக்கியபடியே அழுதேன்.

"எங்க சுவான்ஜோவுல காய்கறியத் தண்ணி வடிச்சுத்தான் சுருட்டுவோம். உங்க ஊரு பொப்பியா மாதிரி நீ எப்பப் பாரு ஈரம்," என்றார் உன் அம்மா. வரிசையே சிரித்தது.

என் கை ஓயாததால் பிறகு அவரே ஒன்றைச் சுருட்டி எனக்கு ஊட்டினார். "நீயும் போயிட்டா எனக்கு யாருடி இருக்கா?"

வாய் நிறைய இருந்தது. மாவைக் குலுக்கியபடியே மென்றேன். அண்ணன் தனியாகவே பஸ் ஏறிவிட்டான்.

நீ பக்கத்தில் நின்றிருந்தால், போ என்றிருப்பாயா, இரு என்றிருப்பாயா?

உன்னவள்