ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறவர்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். வசனகர்த்தாவின் மகள் எழுதுகிறேன். போன வாரம் அப்பா உங்கள் வீட்டுக்கு வந்து, மாமாவின் வாழ்க்கையை வைத்து எழுதிய சினிமாக் கதையைச் சொன்னபோது பின்னால் தாள்களோடு உட்கார்ந்திருந்தேனே, நான்தான். "என்னடி, நாக்கை வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்துட்டியா?" என்று சிரித்துக்கொண்டே டீ கொடுத்தீர்கள். எனக்கு ஆட்கள் முன்னால் பேச்சு வராது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியதிலிருந்து அப்பாவின் கிறுக்கலைப் பிரதி எடுப்பதுதான் என் வேலை.

அப்பாவுக்கு ஆறு வருடமாகப் படம் இல்லை. கம்பெனி இந்தக் கதையை ஒப்புக்கொண்டதே கடைசிக் காட்சிக்காகத்தான். குடியில் எல்லாவற்றையும் தொலைத்த மாமா, வயலின் பெட்டியோடு ஒரு நண்பன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். நண்பன் உள்ளே அழைத்து, தலையை மடியில் வைத்துக்கொள்கிறான். கதாநாயகனுக்கு அந்த இடம் பிடித்துப்போய், வயலின்காரர் வேஷம் வேண்டாம், நண்பனாகவே நடிக்கிறேன் என்கிறாராம்.

அது நிஜமாகவே நடந்தது என்று அப்பா சொன்னதும்தான் நீங்கள் அழுதீர்கள். "கடைசி நேரத்துல யாரோ ஒருத்தர் கதவத் திறந்திருக்காங்களே, அது போதும்ணே. அந்த மனுஷனை ஒரு தடவை கண்ணுல காட்டுங்க, படம் எடுக்கச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டுடறேன்" என்றீர்கள். அப்பா, "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டார்.

அத்தை, அப்படி ஒருவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறவர் ஒரு நாடக நடிகர். அவருக்கு அப்பா இரண்டு பக்கம் வசனம் எழுதியிருக்கிறார். அதையும் நான்தான் பிரதி எடுத்தேன். மூன்று நாளாக எங்கள் கூடத்தில் ஒத்திகை நடக்கிறது. "மெதுவா அழுய்யா, அந்தம்மா அழ இடம் விட வேண்டாமா?" என்று அப்பா திருத்துகிறார். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வருவதில்லை.

மாமா கடைசியாக வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. சாயங்காலம் நான்கு மணி இருக்கும். அப்பா மறுநாள் படப்பிடிப்புக்கு எழுதிக்கொண்டிருந்தார். "இல்லன்னு சொல்லும்மா. உள்ள விட்டா இன்னிக்கு எந்திரிக்க மாட்டான்" என்றார். நான் கதவைத் திறக்காமலே, "அப்பா வெளிய போயிருக்காங்க மாமா" என்றேன்.

வாசலில் அப்பாவின் செருப்பு கிடந்திருக்கிறது. மாமா சிரித்தார். "வெறுங்காலோடவா போயிருக்கான்? சரி பாப்பா. வந்தா சொல்லு, அவன் செருப்ப யாரும் தூக்கிட்டுப் போகலன்னு" என்றார். குரலில் குடித்த குழறலே இல்லை அத்தை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனையில், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாதவர்போல நின்றுகொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து, ஆற்றுப் பாலத்துக்கடியில் மாமாவின் உடல் கிடைத்ததாக உங்களுக்குச் செய்தி வந்தது.

அப்பா இதை ஒரு தடவைகூட எழுதியதில்லை. ஒவ்வொரு பிரதியிலும் அந்த நண்பன் இன்னும் கொஞ்சம் நல்லவனாகிக்கொண்டே போகிறான். "நெசமா நடந்ததை எழுதிடுங்கப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். "எழுதினா யாரும்மா படம் எடுப்பான்?" என்றார்.

இதைப் படித்தபின் நீங்கள் கையெழுத்துப் போட மாட்டீர்கள். படமும் நின்றுவிடும். அதற்குப் பிறகு அப்பாவை எழுதக் கூப்பிட யாரும் இல்லை. தெரிந்தேதான் எழுதுகிறேன். யாரோ ஒரு நடிகரின் கையைப் பிடித்து நீங்கள் நன்றி சொல்வதை, தாள்களோடு உட்கார்ந்து என்னால் பார்க்க முடியாது.

அந்த நடிகரைத் திட்ட வேண்டாம். அவருக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் மட்டும் ஒன்றும் கேட்காதீர்கள் அத்தை. நான் கூட இருக்கும்போது கேளுங்கள். திரும்பும்போது அவர் தனியாக நடக்கக் கூடாது.

நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

பணிவுடன்,
வசனகர்த்தாவின் மகள்