முடுக்காத நட்டு

தோணிரேவு,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் பிராங்க்ளினுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அப்படியே இருக்க வேண்டும். மனசுதான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. போனில் நான் பேச்சை எடுத்ததுமே சிக்னல் இல்லம்மானு வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். மக்பூல் பாய் மகன் உவைஸ் வியாழக்கிழமை நீ இருக்கும் ஊருக்குத்தான் பிளைட் ஏறுகிறான், இதையும் கருவாட்டுப் பொட்டலத்தையும் அவன் கையில் கொடுக்கிறேன். பொட்டலத்தை அப்புறம் பிரி, இதை முதலில் படி.

ஐந்தாவது ரேஸில், நீ மெக்கானிக்காக இருக்கும் டீமின் கார் சக்கரம் கழன்று சுவரில் மோதியதிலிருந்து உன் நைனா வாய் ஓயவில்லை. படகுகள் ஒதுங்கும் ரேவில் நின்றுகொண்டு, அந்த மார்க்கோ இன்னா மெக்கானிக்கு, சக்கரம் மாட்டிச்சா இல்லியானு பாக்காமலே வண்டிய வுட்டுட்டானே, ஓட்டின பொண்ணு கை ஒடிஞ்சிபோச்சேனு கத்துகிறார். நான் மீன் கூடையைப் பார்த்துக்கொண்டு ஊமையாக நிற்கிறேன். நட்டை முழுசாக முடுக்காமலே முடிந்ததென்று கையைத் தூக்கியது நீதான், அதை நம்பித்தான் மார்க்கோ வண்டியை விட்டான் என்று அன்றைக்கு அழுதுகொண்டே சொன்னாயே, அது எனக்கு மட்டும்தானே தெரியும். ஏன் அப்படிச் செய்தாய் என்றும் தெரியும்டா. நம் படகில் வலைக்கயிறு கட்டுகிறவன் கட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவான், பின்னால் வருகிறவன் இழுத்துப் பார்ப்பான். பத்து வருஷம் நீ கட்டினாய், அர்ஜுனன் மாமா இழுத்துப் பார்த்தார். அங்கே உன் பின்னால் யார் வருகிறார்கள்? அவசரத்தில் பழைய பழக்கம் வந்துவிட்டது, போகட்டும். ஆனால் நீ வாய் திறக்காததால் ஞாயிற்றுக்கிழமை கடைசி ரேஸ் முடிந்ததும் மார்க்கோவை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்களாமே, அது எப்படிடா உனக்குத் தூக்கம் வருகிறது? போன புதிதில் குளிருக்குத் தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தவன் என்று நீதானே சொன்னாய்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேஸ் பார்க்கத் தெருவையே ராபர்ட் வீட்டு டிவி முன்னால் கூட்டப் போகிறார் நைனா. அதற்குள் உன் மேலாளரிடம் போய் உண்மையைச் சொல், சொல்லிட்டேன்மானு ஒரு மெசேஜ் போடு. வராவிட்டால் இந்தத் தடவை நான் கூடையைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டேன். தப்பு என் பிள்ளையுடையது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவேன். அப்போது நைனா முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்வேன்.

வேலை போனால் வா, படகில் உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது. சாப்பிடாமல் கிடக்காதே. மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். மறக்காதே, கருவாட்டில் பாதி மார்க்கோவுக்கு. அவன் கண்ணைப் பார்த்துக் கொடு.

உன்னைப் பெற்றவள்,
சூசையம்மாள்