கதவுக்குப் பின்னால் கேட்ட வளையல்

என் மரகதத்துக்கு,

அடுப்படியில் பாத்திரம் உருளுகிறது, வாசலில் ரிக்‌ஷா மணி அடிக்கிறது. ஆனாலும் நீ போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. உன் வளையல் கேட்காத வீட்டில் எப்படி இருப்பது என்று சொல்லிவிட்டாவது போயிருக்கலாமே?

துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என்று பெயர்தான் பெரிது, என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும். தமிழில் இல்லாத அந்த ‘தி’ எனக்குக் கடைசிவரை வசப்படவில்லை. வேண்டிய இடத்தில் விழுங்கிவிடுவேன், ‘தி பினாங்கு’ என்று வேண்டாத இடத்தில் ஒட்டவைப்பேன். நீ கான்வென்டில் படித்தவள். ஆனால் ஆபீஸ் நண்பர்கள் முன்னால் புருஷனைத் திருத்த மாட்டாய். கதவுக்குப் பின்னால் நின்று வளையலைக் குலுக்குவாய். ‘தி’ விட்டுப்போனால் ஒரு தடவை, வேண்டாமல் ஒட்டிக்கொண்டால் இரண்டு தடவை. நான் இருமுவது போல் இருமிவிட்டுத் திருத்திச் சொல்வேன். நம் இருவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று எனக்குப் பெருமை வேறு.

நம் மகள் சேதிக்கு வருகிறேன். நீ படுத்திருந்த மாதங்களில் வள்ளி உன்னை விட்டு நகரவில்லை அல்லவா, பள்ளியில் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து என் அக்கா வந்தார். “பொம்பளப் பிள்ளைக்கு இங்கிலீஷ் எதுக்கு தம்பி? எங்கிட்ட அனுப்பிரு, நான் வளத்துக்கிறேன்” என்றார். நீயும் இல்லாமல் அவளும் இல்லாமல் நான் யாரோடு இருப்பேன்? அவள் படிக்க வேண்டும் என்றுதானே நீயும் சொல்லிக்கொண்டிருந்தாய்?

நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். எப்போதும் நீதான் போய்ப் பேசுவாய். வெள்ளைக்காரத் தலைமையாசிரியை முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “ஷி இஸ் ஒன்லி சைல்ட்” என்று ஆரம்பித்தேன், அதற்குமேல் வரவில்லை. பழக்கத்தில் காது உன் வளையலைத் தேடியது. அதைத்தான் உன் கையோடு அனுப்பிவிட்டோமே. கண் நிறைந்துவிட்டது.

அப்போது என் பக்கத்தில் வளையல் குலுங்கியது, மரகதம். ஒரே தடவை.

வள்ளி தலை குனிந்து நின்றாள். “தி ஒன்லி சைல்ட்” என்று திருத்தி, மீதியையும் எப்படியோ சொல்லி முடித்தேன். திங்கட்கிழமையிலிருந்து அவளை வரச் சொல்லிவிட்டார்கள்.

திரும்பும் வழியில், இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“அம்மாதான் படுத்திருந்தப்ப சொல்லிக் குடுத்தாங்க. நான் இல்லாட்டி அப்பா திணறுவாரு, நீ பாத்துக்கன்னாங்க.”

நடுத்தெருவில் நின்று அழுதேன்.

வள்ளியை எங்கும் அனுப்ப மாட்டேன். அவள் ஆசைப்படும் மட்டும் படிக்க வைப்பேன், இது உனக்குச் சத்தியம்.

நீ கூப்பிட்ட பெயரிலேயே,
வள்ளி அப்பா