நீங்கள் இறங்காத நிறுத்தம்

அண்ணாச்சி,

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்து கம்பளித் துணிகளை மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டேன். பாச்சை உருண்டை வாசனை கையில் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. தில்லியில் எல்லோருக்கும் அது குளிர்காலம் வருகிற வாசனை. எனக்கு உங்கள் வாசனை. துக்க வீட்டுக்குப் போவதற்கென்றே ஒரு பழுப்பு ஸ்வெட்டர் வைத்திருந்தீர்கள். மதினி அதை வேறு துணியோடு சேர்க்க விடமாட்டார்கள். தனித் தகரப்பெட்டியில் கைநிறைய உருண்டைகளோடு கிடக்கும். குளிர்நாளில் நீங்கள் அதைப் போட்டுக்கொண்டு என் வாசலில் நின்று, "வாத்தியாரே, ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டு வாரும்" என்றால், எங்கோ ஒரு தமிழ்க் குடும்பத்தில் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

அப்போது நாம் இருவரும் சரோஜினி நகர்க் குடியிருப்பில் அடுத்தடுத்த வீடு. நீங்கள் அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். நான் லக்ஷ்மிபாய் நகர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார். புதிதாக ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர்களுக்கு இங்கே ரேஷன் கடை தெரியும், பஸ் நம்பர் தெரியும். ஒரு சாவு விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது. உங்களைக் கூப்பிடுவார்கள். மருத்துவச் சான்று, புரோகிதர், சவ வண்டி, யமுனைக் கரை மயானத்தில் நேரம் கேட்பது எல்லாம் நீங்கள். கூடவே பை தூக்கிக்கொண்டு நான்.

இதெல்லாம் வேறு யாராவதுகூடச் செய்துவிடலாம். உங்களைப் போல ஒருவரும் செய்யாத காரியம் ஒன்று இருந்தது. வீட்டுக்குள் நுழைந்து, அழுகை கொஞ்சம் அடங்கியதும், நெருங்கியவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்பீர்கள்: "இவியளுக்கு என்ன பிடிக்கும்?" சிலர் திகைப்பார்கள். சிலருக்குக் கோபம்கூட வரும். காத்திருப்பீர்கள். "சடங்கு எல்லாருக்கும் ஒண்ணுதான் வாத்தியாரே. அதுல ஒரு காரியமாவது போனவியளுக்கே உரியதா இருக்கணும்லா?" என்பது உங்கள் வாதம்.

உதாரணம் சொல்லாமல் எனக்குப் பேச வராது. ரயில்வே குமாஸ்தா ஒருவர் தினமும் குறுக்கெழுத்துப் போட்டி போடுவார் என்று அவர் மகள் சொன்னாள். அன்றைய பத்திரிகையை நாலாக மடித்து, சீவிய பென்சிலோடு அவர் கைக்குள் வைத்தீர்கள். ஜனக்புரியில் ஒரு மாமியார். பதின்மூன்றாம் நாள் கூட்டத்தில் எல்லோரும் அவரைத் தெய்வம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, ஓரமாக நின்ற மருமகளை அழைத்து, "ஊறுகாய்ச் சண்டையைச் சொல்லும்மா" என்றீர்கள். அவள் பயந்துகொண்டே ஆரம்பித்தாள். உப்பு கூடிப்போன மாங்காய்க்காக இருவரும் பதினைந்து நாள் பேசாமல் இருந்ததையும், டீவி நாடகத்தில் யாரோ செத்ததும் இருவரும் சேர்ந்து அழுது சமாதானம் ஆனதையும் சொன்னாள். கூடம் சிரித்தது. சொன்னவள்தான் கடைசியில் உடைந்துபோய் அழுதாள். அன்றைக்குத்தான் அந்த அம்மாள் நிஜமாகவே வழியனுப்பப்பட்டதாக எனக்குத் தோன்றியது.

என் வகுப்பில் படித்த சிறுமி மூளைக் காய்ச்சலில் போனாளே, அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை. அவளுடைய நீலநிற ஸ்கிப்பிங் கயிற்றை நீங்கள் சுருட்டி அவள் பக்கத்தில் வைத்ததை மட்டும் எழுதுகிறேன்.

போன தை மாதத்துப் பனிமூட்டத்தில் உங்கள் முறை வந்தது. மாரடைப்பு. காலைக் காப்பியைக் கையில் வாங்கியவர், குடிக்கவில்லை. நீங்கள் ஓய்வுபெற்று வாங்கிய ஜனக்புரி வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, உங்கள் மகன் குமார் குருகிராமிலிருந்து வந்துவிட்டிருந்தான். என்னைத் தனியே இழுத்துக்கொண்டுபோய், "அங்கிள், அப்பா எல்லாருக்கும் ஸ்பெஷலா ஏதாவது பண்ணுவாரில்ல? அப்பாவுக்கும் பண்ணணும். நீங்கதான் சொல்லணும்" என்றான்.

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நாற்பது வருடப் பழக்கம். "சதுரங்கம்" என்றேன். ஞாயிறுதோறும் ஆடினோமே. "ஒரு ராஜாவை எடுத்து அப்பா கையில் வை."

சுவரோரம் உட்கார்ந்திருந்த மதினி நிமிர்ந்து பார்த்தார்கள். "அது ஒங்களுக்குப் பிடிக்கும்னு அவிய ஆடுனாவ."

குமார் பழைய பாட்டு என்றான். "அது எனக்குப் பிடிக்கும்" என்றார்கள் மதினி. எதிர்வீட்டுக்காரர் மைசூர்பாகு என்றார். மதினி மகனைக் காட்டினார்கள். "அது இவனுக்கு." பிறகு மதினி வெகுநேரம் உங்கள் முகத்தையே பார்த்தார்கள். "அவியளுக்கு என்ன பிடிக்கும்னு எனக்கே தெரியலையே" என்றார்கள். அதுவரை அழாதவர்கள் அப்போதுதான் அழுதார்கள். அண்ணாச்சி, நூறு வீட்டில் நீங்கள் கேட்ட கேள்வியை நாங்கள் யாரும் உங்களிடம் கேட்டதில்லை. பகல் இரண்டு மணிக்கு உங்களை எடுக்க வேண்டும். கையில் ஒன்றும் இல்லாமல் உங்களை அனுப்பப்போகிறோம்.

சவ வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் சத்பால், இருபது வருடமாக உங்களோடு வேலை செய்தவர். உள்ளே கிடப்பது யார் என்று தெரியாமலே வந்திருந்தார். தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கும்பிட்டபடி நின்றார். வேறு வழியில்லாமல் அவரிடமும் கேட்டேன். தயங்காமல் பதில் சொன்னார்.

"முத்ரிகா, மாஸ்டர்ஜி."

முத்ரிகா என்றால் ரிங் ரோடை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் பஸ். தகனம் முடிந்து எங்களையெல்லாம் அனுப்பிவிட்டு, மயானத்துக்கு எதிரே நிறுத்தத்தில் நீங்கள் அதில் ஏறுவீர்களாம். இரண்டு மணி நேரம் கழித்து அதே நிறுத்தத்தில் இறங்குவீர்களாம். "வழி தவறிட்டீங்களா பாபுஜின்னு ஒரு தடவை கேட்டேன். இல்லப்பா, எனக்குப் பிடிச்சது இது ஒண்ணுதான், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சும்மா போறதுன்னார்." அவர் இந்தியில் சொல்லச் சொல்ல, குமார் அம்மாவுக்குத் தமிழில் தட்டுத்தடுமாறிச் சொன்னான்.

எங்களுக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்பது காரியத்துக்கு வந்திருந்த புரோகிதர் முகத்தைப் பார்த்ததும் விளங்கியது. "மயானத்துலேருந்து நேரா வீட்டுக்குப் போய் ஸ்நானம் பண்ணணும். தீட்டோட பஸ்ஸுலயா? இத்தனை வருஷமா?" என்றார் அவர். நூறு வீட்டுக்கு முறை சொல்லிக் கொடுத்தவர், தன் அளவில் அதை ஒவ்வொரு தடவையும் மீறியிருக்கிறீர்கள். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "குளியலறைல வெந்நி ஆறி, சுடவச்சு, மறுபடி ஆறும். கேட்டா, கையெழுத்து வாங்க லேட்டாயிட்டும்பாவ. பொய்."

குமார்தான் சொன்னான்: "வண்டியை ரிங் ரோடுலயே சுத்தி எடுத்துட்டுப் போலாம்." ஜனக்புரியிலிருந்து ஊருக்கு நடுவே புகுந்தால் சீக்கிரம் போய்விடலாம். ரிங் ரோடில் தெற்கே இறங்கிச் சுற்றினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம். புரோகிதர் ஒப்பவில்லை. சூரியன் மறைவதற்குள் போக வேண்டும், பிணத்தை வைத்துக்கொண்டு ஊர்சுற்றுகிற வழக்கம் இல்லை என்றார். சத்பால் கடிகாரத்தைப் பார்த்து, நான்கரைக்குள் சேர்ப்பது தன் பொறுப்பு என்றார்.

அப்போது மதினி எழுந்து நின்றார்கள். "நானும் வாரேன்."

"பொம்பளைங்க மயானத்துக்கு..." என்று புரோகிதர் தொடங்கினார்.

"மயானத்துல நான் இறங்கல சாமி. வண்டிலதான வாரேன். நாப்பத்தாறு வருசத்துல ஒரு நாளாவது என்னை அதுல கூட்டிட்டுப் போனாவளா?"

புரோகிதர் பையை எடுத்துக்கொண்டார். தன் காரில் முன்னால் போய்விட்டார்.

நீங்கள் நடுவில். ஒரு பக்கம் ஜன்னலோரத்தில் மதினி, எதிரே நானும் குமாரும். நாராயணா, தௌலாகுவான். பனி விலகி வெளிறிய வெயில் வந்திருந்தது. ஆரஞ்சுப்பழ வண்டிகளையும், பாலத்தின்மேல் மெட்ரோ போவதையும், சிக்னலில் பூ விற்கிற பெண்ணையும் மதினி விடாமல் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அழவில்லை. நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று தேடுகிறார்கள் என நினைத்துக்கொண்டேன்.

சரோஜினி நகர் வந்தது. மதினி சட்டென்று திரும்பினார்கள். "இது நம்ம பழைய ஸ்டாப்லா?"

"ஆமாம்" என்றேன்.

"அந்தப் பஸ் இப்படித்தான் போகுமா?"

"இப்படித்தான் போகும், மதினி."

"அப்பம் நம்ம வீட்டு வாசலைத் தாண்டித்தான் போயிருக்காவ. இறங்காம."

குமார் என்னைப் பார்த்தான். பாதிச் சுற்றில் உங்கள் வீடு. இறங்கினால் ஐந்து நிமிட நடை. நீங்கள் உட்கார்ந்தே இருந்திருக்கிறீர்கள். எதையாவது சொல்லியாக வேண்டும். அந்த ஸ்கிப்பிங் கயிற்றுச் சிறுமியின் நாளைச் சொன்னேன். அன்று குமாருக்கும் அதே வயது. அந்த முகத்தைப் பார்த்த கண்ணோடு அவன் முன்னால் போய் நிற்க உங்களால் முடிந்திருக்காது, எல்லாவற்றையும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருப்பீர்கள் என்றேன். மதினிக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. தாமதமாக வந்ததற்கு அன்று உங்களை ஏசியதும் ஞாபகம் இருந்தது.

சௌத் எக்ஸ்டென்ஷன் தாண்டும்போது மதினி உங்கள் பக்கம் திரும்பினார்கள். பிறகு உங்கள் மார்பின்மேல் கிடந்த மாலையைச் சரி செய்தபடி உங்களிடமே சொன்னார்கள்: "எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா. நான் தாங்கிருப்பேன்."

நான்கு மணி இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். மதினி சொன்னபடியே வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடி வழியாகக் கை கூப்பினார்கள். குமார் நெருப்பு வைத்தான். முறைப்படி எல்லாம் நடந்தது, புரோகிதருக்கும் குறையில்லை.

இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள், அண்ணாச்சி. போன வாரம் துவாரகாவில் ஒரு வீடு. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் சின்னப் பெண், அப்பா போய்விட்டார், இந்த ஊரில் யாரையும் தெரியாது. நீங்கள் உட்கார்வதைப்போலவே தரையில் உட்கார்ந்து கேட்டேன். மழை பிடிக்கும் என்றாள். மழைக்கு நான் எங்கே போவது? அவருடைய பழைய குடையை விரித்துத் தலைமாட்டில் பிடித்துக்கொண்டே அவள் மயானம்வரை வந்தாள். இதெல்லாம் நீங்கள் தந்தது.

ஒன்றில் மட்டும் உங்கள் வழியில் நான் போகவில்லை. நேராக வீட்டுக்கு வருகிறேன். என் மனைவி வாசலில் ஒரு முக்காலி போட்டு வைத்திருப்பாள். தீட்டு என்பதால் தொடாமல், நிலைப்படிக்கு உள்பக்கம் அவள் உட்காருவாள். குளிக்கும் முன்பே நான் எல்லாவற்றையும் சொல்வேன். அன்று குடையைச் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் எழுந்து போகவில்லை. கொஞ்சம் பொறுத்து, "ம், பிறகு?" என்றாள்.