கீழ்க்கோடு விடுபட்டதால் மறுக்கப்பட்ட காதுக் கருவி

அனுப்புநர்
விண்ணப்பதாரரின் மனைவி,
மூன்றாம் மாடி,
ரொட்டித் தொழிற்சாலைப் பின்தெரு.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
காதுக் கருவி வழங்கும் பிரிவு.

பொருள்: இணையப் படிவத்தில் ≥ என்ற குறி > என்று மாறியதால் என் கணவரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது – திருத்தம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் கணவர் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். சென்ற மாதம் வண்டியைப் பின்னால் எடுத்தபோது ஒருவர் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் கருவி இல்லாமல் வண்டியில் ஏறக் கூடாது என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அதில் நியாயம் இருக்கிறது. இப்போது அவரை அட்டைப்பெட்டி ஒட்ட உட்கார வைத்திருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் கருவி வராவிட்டால் வண்டி வேறொருவருக்குப் போய்விடும்.

2. தங்கள் பிரிவின் பரிசோதனையில் அவருடைய செவித்திறன் இழப்பு சரியாக 40 டெசிபல் என்று வந்தது. கணினி 'தகுதி இல்லை' என்றது. வரிசையைக் கவனித்த ஊழியர் எங்கள் மேல் இரக்கப்பட்டு, "அண்ணே, திரும்ப டெஸ்ட் எடுங்க. கடைசிச் சத்தத்துக்கு மட்டும் பட்டனை அமுக்காம விட்டுடுங்க" என்று மெதுவாகச் சொன்னார். என் கணவருக்கு அது கேட்கவில்லை. நான் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. அவர், "கேட்டதை எப்படிம்மா கேக்கலைன்னு சொல்றது?" என்றார். பேருந்தில் நான் தள்ளிப்போய் உட்கார்ந்தேன். இப்படி ஒரு மனிதரா என்று கோபம். வீடு சேர்வதற்குள் அது என் மேலேயே திரும்பிவிட்டது.

3. மறுநாள் தங்கள் அறிவிப்புப் பலகையில் இருந்த, தகுதி பற்றிய மூல ஆணையைப் படித்தேன். அதில் > குறிக்குக் கீழே ஒரு கோடு இருந்தது. கோடு இருந்தால் '40 அல்லது அதற்கு மேல்'. இல்லாவிட்டால் 40 சேராது. இணையப் படிவத்தில் கோடு இல்லை.

4. அந்த ஆணையை அடித்த தங்கள் அலுவலகத் தட்டச்சர் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் தட்டச்சுப்பொறியில் பழகியவர். அதில் > அடித்து, ஓரெழுத்து பின்னால் வந்து, அதன் கீழேயே கோடு அடிப்பார்களாம். கணினியில் பின்னால் வந்தால் குறியே அழிந்துவிடுகிறது. அதனால் > அடித்து அடிக்கோடிட்டிருக்கிறார். தாளில் சரியாகவே வந்தது. இணையத்தில் ஏற்றியபோது அடிக்கோடு மட்டும் விடுபட்டுவிட்டது. "நான் கோடு போட்டுத்தான் குடுத்தேங்க" என்று கண் கலங்கினார். இருவரும் சேர்ந்து முயன்றோம்: அவருடைய கணினியில் 2265 என்று அடித்து, ஆல்ட் விசையுடன் எக்ஸைத் தட்டினால் ≥ ஒரே எழுத்தாக வருகிறது. அவர் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

5. எனவே, படிவத்தில் '40 அல்லது அதற்கு மேல்' என்று எழுத்திலேயே போடவும், 40 என்பதற்காகத் திருப்பி அனுப்பப்பட்ட எல்லோரையும் மீண்டும் அழைக்கவும், என் கணவரின் விண்ணப்பத்தை மாத முடிவுக்குள் ஏற்கவும் வேண்டுகிறேன். அவருக்கு மறுபரிசோதனை தேவையில்லை. முதல் முறை சொன்னதையேதான் அவர் மறுபடியும் சொல்வார்.

முடிவைத் தொலைபேசியில் தெரிவிப்பதானால் என் எண்ணுக்கு அழையுங்கள். அவருடைய எண்ணுக்கு அழைத்தால், மணி அடிப்பது பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் கேட்கும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
விண்ணப்பதாரரின் மனைவி

நாள்: ஜூன் 9
இடம்: மேற்கண்ட முகவரி